பரம்பரை என்ற சொல்

அக்காவின் கையில் முதல் கண்டலை நான் கண்டது வெங்காயம் பிடுங்குகிற காலத்தில். வேலணையில் இருந்த அவர்களுடைய தோட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். அக்கா நிலத்தில் இருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது, முழங்கைக்குக் கீழே நாவற்பழ நிறத்தில் இரத்தம் கட்டிப் பெரிதாக ஒரு கண்டல்.

"உதென்ன அக்கா, எங்க அடிபட்டனீ?"

"தெரியேல்லையடி. ஆடு முட்டியிருக்கும்."

அவர்கள் வீட்டு ஆடு முட்டக்கூடிய ஆடுதான். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த கிழமை போனபோது தொடையில் ஒன்று, முதுகில் ஒன்று என்று சொன்னாள். பல் துலக்கினால் முரசில் இரத்தம் வருகிறது என்றாள். வெங்காயச் சாக்கைத் தனியே தூக்கித் தோளில் வைக்கிறவள், கிணற்றடியில் இருந்து குசினிக்கு வருவதற்குள் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். அத்தான், "இந்த முறை வெயில் கூடிப்போச்சு, அதுதான்" என்றார். பிறகு காய்ச்சல் வந்தது. பனடோலுக்குக் கொஞ்சம் இறங்கும், திரும்ப ஏறும். வேலணை ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்த வைத்தியர், அவளை வீட்டுக்குக்கூட விடாமல் அன்றைக்கே அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் அனுப்பிவிட்டார்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாங்கள் இரண்டே பேர். சொந்த ஊர் புங்குடுதீவு மடத்துவெளி. அக்கா வேலணையில் கலியாணம் கட்டிப் போனாள். நான் கட்டவில்லை. எங்கள் பெற்றோரின் வீட்டிலேயே இருந்துகொண்டு, வேலணைக்குப் போகிற பாலத்துக்கு இந்தப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் இருவருக்கும் ஒரே முகம். வயதில் வித்தியாசம் இருந்தும் இரட்டைப் பிள்ளைகளோ என்று கேட்பார்கள். குரலும் அப்படியே. நான் தொலைபேசி எடுத்தால் அத்தான் தன் மனைவி என்று நினைத்து, "மாட்டுக்குத் தண்ணி வைச்சிட்டியே?" என்று கேட்பார். நானும், "வைச்சிட்டன்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பேன்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்த வைத்தியர் இளம் பெண். நான் விஞ்ஞான ஆசிரியை என்று அறிந்ததும் எல்லோரும் செய்வதுபோல என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லவில்லை. கதிரையை இழுத்து அக்காவின் கட்டிலோடு போட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அன்ரி, எலும்புக்குள்ள மச்சை எண்டு ஒண்டிருக்கு. ரத்தத்தில ஓடுற கலங்கள் எல்லாம் அங்கதான் பிறக்குது. பிறந்து, வளந்து, முத்தின பிறகுதான் வெளியில வரும். உங்களுக்கு வளராத கலங்கள் பெருகிக்கொண்டு போகுது. மற்றக் கலங்களுக்கு அங்க இடமில்லை. அதுதான் கண்டல், அதுதான் காய்ச்சல், அதுதான் களைப்பு. இது ரத்தப் புற்றுநோய், அன்ரி. கெதியாப் பரவுற வகை. உடன வைத்தியம் தொடங்க வேணும்."

அக்கா அழவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"அதுகள் ஏன் வளரேல்லை?"

வைத்தியர் கொஞ்சம் யோசித்தார். "ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் கட்டளைகள் இருக்கு. எப்ப பெருக வேணும், எப்ப வளர வேணும், எப்ப நிக்க வேணும் எண்டு. அந்தக் கட்டளையளைத்தான் பரம்பரையலகு எண்டு சொல்லுறது. எல்லாக் கலத்துக்கும் எல்லாக் கட்டளையும் இருக்கும். ஆனா எல்லாம் ஒரேயடியாத் திறந்திருக்காது. தேவையானது திறக்கும், தேவை முடிய மூடும். உங்கட ஒரு கலத்தில, அது ரெண்டாப் பிரியேக்கை, ஒரு பிழை விழுந்திட்டுது. விகாரம் எண்டு சொல்லுவம். இப்ப வளரச் சொல்லுற கட்டளை மூடிக் கிடக்கு. பெருகச் சொல்லுற கட்டளை மூடுபடாமல் கிடக்கு."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்லிவிட முடியாது. நான் இத்தனை வருடம் வகுப்பில் சொல்லியதைவிட அவர் சொன்னது நன்றாக இருந்தது. அக்கா தலையை ஆட்டினாள். ஆனால் கட்டிலின் கால்மாட்டில் சுடுதண்ணீர்ப் போத்தலோடு அத்தானின் தமக்கை நின்றுகொண்டிருந்தார். அவரை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். மனம் கெட்டவர் அல்ல, முதல் நாளே சோறு கட்டிக்கொண்டு ஓடி வந்தவர். அவருடைய காதில் அந்த நீண்ட விளக்கத்தில் இருந்து இரண்டு சொற்கள்தான் விழுந்தன. பரம்பரை. விகாரம்.

எங்கள் நாட்டுப் பாடப்புத்தகத்தில் அந்த இரண்டு சொற்களும்தான் இருக்கின்றன. கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். பட்டாணிச் செடியில் குட்டையும் நெட்டையும், காதுச் சோணை ஒட்டியிருப்பதும் தொங்குவதும் என்று பாடம் போகும். விகாரத்துக்கு ஒரு பந்திதான். பாடசாலைக்குள் அவை கலைச்சொற்கள். வெளியே வந்தால், பரம்பரை என்பது தாய் தகப்பன், பாட்டன் பூட்டன். விகாரம் என்பது அவலட்சணம். இரண்டையும் சேர்த்துக் கேட்கிற ஒருவருக்கு, இந்தக் குடும்பத்தின் வழியில் ஏதோ கெட்டது இருக்கிறது என்றுதான் விளங்கும். மச்சாளுக்கும் அப்படித்தான் விளங்கியது. பின்னேர பஸ்ஸில் அவர் வேலணைக்குத் திரும்பினார். அவரோடு சேர்ந்து அந்தச் சொற்களும் போய் இறங்கின.

இடுப்பெலும்பில் ஊசி குத்தி மச்சை எடுத்தார்கள். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் என் விரல்கள் வெளுத்துப் போயின. முடிந்ததும், "பிள்ளை பெத்தது இதுக்குச் சுகம்" என்று சொன்னாள். அந்த மச்சை கொழும்புக்குப் போனது. எந்த அலகில் எந்தப் பிழை என்று அங்கே பார்ப்பார்களாம். பதில் வரும்வரை காத்திருக்க முடியாது என்று மருந்தைத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த மருந்து பொல்லாதது. வாயெல்லாம் புண். சொதி வயிற்றுக்குள் போகாது, சோறு தொண்டைக்குள் இறங்காது. ஆறவைத்த கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் உதட்டில் வைப்போம். அக்காவின் மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தாயோடேயே நின்றாள். தலைமயிர் தலையணையில் கற்றை கற்றையாக வரத் தொடங்கியதும் அக்கா அத்தானைக் கூப்பிட்டு, "வேற ஆரும் தொடவேண்டாம், நீங்களே வழிச்சு விடுங்கோ" என்றாள். அத்தான் தன் சவர அலகால் மிக மெதுவாக வழித்தார். முடித்துவிட்டு முகம் கழுவப் போனவர் நெடுநேரம் வரவில்லை.

கொழும்பில் இருந்து பதில் வந்தது. பிழை கொஞ்சம் கடுமையான வகை, மருந்துக்கு அடங்கினாலும் திரும்பி வரக்கூடியது, வேறொருவருடைய மச்சையை மாற்றி வைத்தால்தான் நம்பிக்கை என்று வைத்தியர் சொன்னார். கூடப் பிறந்தவர்களுடையது பொருந்தினால் நல்லது.

நான் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. அக்காவுக்கும் இல்லை. என் கையில் இரத்தம் எடுத்த தாதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு உதைப் பாக்கவே தேவையில்லை" என்று சிரித்தார். வார்ட்டில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். அதுவரை எங்கள் கட்டிலைச் சுற்றி நான் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

பொருந்தவில்லை. முகத்தை அமைக்கிற அலகுகள் வேறு, இதற்குப் பார்க்கிற அலகுகள் வேறு என்று வைத்தியர் சொன்னார். எனக்குத் தெரியாத விஷயமா? ஆனாலும் நான் விறாந்தையில் போய் நின்று அழுதேன். அக்கா ஆள்விட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனடி அழுகிறாய்? உன்ரயைத் தரேலாட்டில் என்ன. நீயாவது முழுசா இரு."

வெளிநாட்டுப் பதிவுகளில் தேடலாம் என்றார்கள். தேடினார்கள். அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

முதல் சுற்று மருந்துக்கு நோய் அடங்கியது. அக்காவைச் சில நாள் வீட்டுக்கு விட்டார்கள். அந்த நாட்களில்தான் மகளின் கலியாணக் கதை கிளம்பியது.

மகள் ஊர்காவற்றுறையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிறாள். அதே கந்தோரில் வேலை செய்கிற பொடியன் ஒருவரோடு மனம் ஒத்துப்போய், இரண்டு வீட்டாரும் கதைத்து, ஆவணியில் செய்வதாக இருந்தது. பொடியனுக்குத் தகப்பன் இல்லை, தாய் மட்டும்தான். அக்காவின் வருத்தம் தெரிந்த நாளில் இருந்து பொடியன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்கு வந்து போனார். தாய் வரவில்லை. தொலைபேசி எடுத்தால் பதில் இல்லை. பிறகு மச்சாள் மூலமாக ஒரு வார்த்தை வந்தது: "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."

ஒரு நாள் அந்தத் தாய் மடத்துவெளிக்கு என்னைத் தேடி வந்தார். குறிகட்டுவான் பஸ்ஸில் வந்து இறங்கி, விசாரித்து விசாரித்து நடந்து வந்திருக்கிறார். மெலிந்த மனுஷி. கதிரையின் நுனியில் இருந்தார். தேத்தண்ணீரைக் கையில் எடுத்தாரே தவிர குடிக்கவில்லை.

"ரீச்சர், நீங்கள் படிப்பிக்கிறனீங்கள். உண்மையைச் சொல்லுங்கோ. தமக்கையின்ர வருத்தம் பரம்பரை வருத்தமோ?"

"இல்லை அம்மா."

"டொக்டர் பரம்பரை எண்டு சொன்னவவாமே."

நான் விளக்கினேன். பரம்பரையலகு என்பது சொல் மட்டும்தான், பிழை நடந்தது அக்காவின் எலும்புக்குள், பிள்ளைக்குப் போகாது என்று சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். கடைசியில், "நீங்கள் தங்கச்சி. நீங்கள் வேற என்னத்தைச் சொல்லுவியள்" என்று எழும்பினார். கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணீர் சீலையில் சிந்தியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஏன் இந்த மனுஷி இப்படிப் பயப்படுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

நானும் மகளும் இதை அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் மச்சாள் ஆறுதல் சொல்லப் போய், "நீ யோசியாத, முதல்ல உன்ர வருத்தம் மாறட்டும். பிறகு பிள்ளைக்கு வேற இடம் பாப்பம்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா வைத்தியரை நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"டொக்டர், மறைக்காமல் சொல்லுங்கோ. என்ர பிள்ளைக்கு இது வருமோ?"

"உங்களிட்ட இருந்து வராது அன்ரி. இந்தப் பிழை உங்கட மச்சையில, உங்கட இந்த வயசில வந்தது. நீங்கள் பிள்ளையைப் பெறேக்கை இது உங்களிட்ட இல்லை. இல்லாத ஒண்டை எப்பிடிப் பிள்ளைக்குக் குடுக்கிறது? சில குடும்பங்களில வழிவழியா வாறது அரிதா இருக்கு. அதையும் பாத்தனாங்கள். உங்களுக்கு அது இல்லை."

"பெறேக்கை என்னட்ட இல்லை," என்று அக்கா திருப்பிச் சொன்னாள். பாடமாக்குகிற பிள்ளை மாதிரி இன்னொரு முறையும் சொன்னாள். வீடு வந்ததும் என்னிடம், "ஓட்டோவைக் கூப்பிடு. ஊர்காவற்றுறைக்குப் போகவேணும்" என்றாள்.

"உனக்கு விசரே? சனத்துக்குள்ள போகக்கூடாதெண்டு சொன்னவை."

"சனத்துக்குள்ள போகேல்லை. ஒரு வீட்டைதானே. நீ வராட்டில் நான் தனியப் போவன்."

போவாள் என்று எனக்குத் தெரியும். முகமூடி போட்டு, தலையைச் சுற்றிச் சீலைத் துண்டு கட்டி, கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு போனோம். அந்த ரோட்டின் ஒவ்வொரு குண்டிலும் அக்காவின் தோள் என்மேல் வந்து மோதியது. வெறும் எலும்பு.

பொடியனின் தாய் வாசலில் எங்களைக் கண்டதும் திகைத்துப் போனார். அக்கா உள்ளே போகவில்லை. "காத்துப் படுற இடத்தில இருக்கிறன்" என்று சொல்லி முற்றத்து வேம்பின் கீழ் கதிரை போடச் செய்தாள். பொடியன் கதிரைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படியில் ஒதுங்கி நின்றார்.

அக்கா பேசத் தொடங்கினாள். மூச்சு வாங்கியது. இடைக்கிடை நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாள்.

"நான் கெஞ்ச வரேல்லை. உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் கலியாணம் வேண்டாம். ஆனா என்ர பிள்ளையின்ர ரத்தத்தில பழுதிருக்கெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. அவளைப் பெறேக்கை என்னட்ட இது இல்லை. இது இப்ப வந்தது. என்னோட வந்தது, என்னோட போயிடும். டொக்டரிட்ட நானே கேட்டனான். இதை உங்கட முகத்தைப் பாத்துச் சொல்லவேணும் எண்டுதான் வந்தனான்."

பொடியனின் தாயின் பார்வை அக்காவின் கையிலேயே இருந்தது. ஊசி குத்திக் குத்திக் கறுத்த கை. பிறகு மிகவும் மெல்லிய குரலில் கேட்டார்.

"தாயிட்ட இருந்து பிள்ளைக்கு வராதோ?"

"வராது."

"ஒருக்காலும் வராதோ?"

அக்கா பதில் சொல்லும் முன்பே அந்த மனுஷி அப்படியே மணலில் குந்திவிட்டார். நான் எழும்பி ஓடினேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு அக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

அவருக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தது. மூத்தது. சண்டையில் தீவை விட்டு எல்லோரும் ஓடிய காலத்தில், ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் கண்டல் வந்தது. முரசில் இரத்தம் வந்தது. காய்ச்சல் விடவில்லை. ஓலைக்கொட்டிலில் நடந்த ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த வைத்தியர், இது இரத்தப் புற்றுநோய், இங்கே மருந்து இல்லை, வெளியே கொண்டுபோகப் பாதையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை மடியிலேயே போய்விட்டது. இரவல் காணியொன்றில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்திருக்கிறார்கள்.

"மாமி சொன்னவ, இது உன்ர வழியில வந்தது, எங்கட ஆக்களுக்கு இப்பிடி ஒண்டு இல்லையெண்டு. அவரும் ஒண்டும் சொல்லேல்லை. சாகுமட்டும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னோட கதைக்கேல்லை. பிறகு இவன் பிறந்தான். இவனுக்கு ஒரு நுளம்பு கடிச்சுச் சிவந்தாலும் நான் சட்டையைக் கழட்டிப் பாப்பன். என்ர வழியில ஒண்டு இருக்கு. உங்கட வழியிலயும் ஒண்டெண்டு சொல்லிச்சினம். ரெண்டும் சேந்தால் பிறக்கிற பிள்ளை என்னாகும்? அதுக்குத்தான் பயந்தனான். உங்கட பிள்ளையை நான் குறை சொல்லேல்லை அக்கா."

வாசற்படியில் நின்ற பொடியனின் முகத்தை நான் பார்த்தேன். தனக்கு ஒரு தமக்கை இருந்து காய்ச்சலில் போனதாக மட்டும்தான் அவருக்குத் தெரியுமாம்.

அக்கா என்னைப் பார்த்தாள். "சொல்லு, நீதானே படிச்சனீ."

நான் அவருடைய கையை விடாமல் சொன்னேன். "அந்தப் பிள்ளையை நான் பாக்கேல்லை அம்மா. அதால நூறு வீதம் எண்டு என்னாலை சொல்லேலாது. ஆனா சின்னப் பிள்ளையளுக்கு வாறதும் அனேகமா இப்பிடித்தான். ஒரு கலத்தில தானா விழுற பிழை. தாயும் காரணமில்லை, தகப்பனும் காரணமில்லை."

"நான் காரணமில்லையோ?"

"இல்லை."

"சாப்பாடு குடுக்கேலாமல் போனதாலயும் இல்லையோ?"

"இல்லை அம்மா."

அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அக்கா கதிரையில் இருந்து குனிந்து, முடிந்த மட்டும் கையை நீட்டி அவருடைய தலையில் வைத்தாள். கிருமி தொற்றும், ஆளைத் தொடக்கூடாது என்று எங்களுக்கு ஆயிரம் முறை சொல்லியிருந்தார்கள். நான் தடுக்கவில்லை.

திரும்பி வருகிற வழி முழுவதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு என்மேல் சாய்ந்திருந்தாள். நித்திரை என்று நினைத்தேன். வீட்டை நெருங்கும்போது, "பாவம் அந்த மனுஷி. எனக்கெண்டாலும் சொல்ல ஒரு டொக்டர் இருந்தவ" என்றாள்.

எழுத்தை வேலணை வீட்டில் வைத்தோம். கலியாணப் பதிவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சனம் கூடாமல், இரண்டு வீட்டார் மட்டும். அக்கா மாம்பழ நிறச் சீலை உடுத்தி, சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்தாள். பொடியனின் தாய் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு சாப்பாட்டையும் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். தாலிகட்டை ஆவணியில் கோயிலில் செய்வதென்று முடிவாகியது.

ஆவணிக்கு முன்பே நோய் திரும்பிவிட்டது. இந்தமுறை கண்டல் இல்லை. இரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. முதல் மருந்தில் அழியாமல் தப்பிய கலங்களில் வேறொரு பிழையும் சேர்ந்திருக்கிறது, அவை இப்போது எந்த மருந்துக்கும் அடங்காது என்று வைத்தியர் சொன்னார். சொல்லும்போது அக்காவின் கையைப் பிடித்திருந்தார். அக்காதான் அவரைத் தேற்றினாள். "நீங்கள் எல்லாம் விளங்கச் சொன்னனீங்கள் பிள்ளை. அது போதும்."

வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டாள். கொண்டுபோனோம். இரத்தம் ஏற்றுவதற்கு மட்டும் இடைக்கிடை ஆஸ்பத்திரிக்குப் போவோம். பிறகு அதற்கும் போகவில்லை. நான் லீவு எடுத்துக்கொண்டு அவளோடு இருந்தேன். ஒரு நாள் காலை, அவளுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது என்னை உற்றுப் பார்த்தபடி சொன்னாள்:

"கண்ணாடி பாக்கிறதை விட்டிட்டன். உன்னைப் பாத்துக்கொண்டிருந்தால் நான் சுகமா இருக்கிற மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு அவள் விழித்திருக்கிற நேரமெல்லாம் அவள் பார்க்கக்கூடிய இடத்தில் என் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். அழுதால் அவளுடைய முகம் அல்லவா அழுததாகிவிடும். ஒரு மத்தியானம், அத்தான் மாட்டை அவிழ்த்துக் கட்டப் போயிருந்தபோது, அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். பார்வை அப்படியே நின்றுவிட்டது. சிறிது நேரம் எனக்கு அது விளங்கவில்லை.

சாம்பலை வேலணையில் உள்ள சாட்டிக் கடற்கரையில் கரைத்தோம். அத்தான் ஐயரோடு தண்ணீரில் இறங்கி நின்றார். நாங்கள் கரையில் நின்றோம். கிரியை முடியும் நேரத்தில் பொடியனின் தாய் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கிப் போனார். ஐயரிடம் ஏதோ கேட்டார். ஐயர் அத்தானைப் பார்த்தார். அத்தான் தலையாட்டினார். அக்காவின் பேரைச் சொன்ன வாயால் ஐயர் இன்னொரு பேரையும் சொன்னார். ஒரு சின்னப் பிள்ளையின் பேர். அந்தப் பேரை அன்றைக்குத்தான் நாங்கள் முதல்முறையாகக் கேட்டோம். பொடியனும் தண்ணீருக்குள் இறங்கித் தாயின் பக்கத்தில் போய் நின்றார்.

அக்கா போன பிறகு அந்த வீட்டில் என்னைப் பார்க்க ஒருவருக்கும் ஏலாமல் இருந்தது. மகள் என்னோடு கதைக்கும்போது நிலத்தைப் பார்ப்பாள். அத்தான் நான் குசினிக்குள் நிற்பதைக் கண்டால் வாசலிலேயே நின்றுவிடுவார். நான் தொலைபேசி எடுத்து, "அத்தான்" என்றால் அந்தப் பக்கம் ஒரு கணம் சத்தமே வராது. அதனால் அழைப்பதைக் குறைத்தேன். பாடசாலைக்கும் வீட்டுக்குமாக இருந்தேன். என் வீட்டுக் கண்ணாடியை நானும் அதிகம் பார்ப்பதில்லை. அவளுக்கு என்னைப் பார்ப்பது ஆறுதலாக இருந்தது. எனக்கு என்னைப் பார்ப்பது அப்படி இல்லை.

ஆண்டுத் திவசம் கழிந்த பிறகு மகளுக்குத் தாலிகட்டு நடந்தது. கெட்டிமேளம் இல்லாமல் செய்யலாமோ என்று மகள் கேட்டாள். இப்போது அவளுக்கு மாமியாகிவிட்ட பொடியனின் தாய்தான், "வேண்டாம் பிள்ளை, அம்மா கேக்கட்டும்" என்று சொல்லி மேளத்துக்கு ஒழுங்கு செய்தார். மகள் இப்போது ஊர்காவற்றுறையில் அந்த வேம்பு நிற்கிற வீட்டில் இருக்கிறாள்.

போன மாதம் அவள் என்னை அழைத்தாள். கர்ப்பமாக இருக்கிறாள். கிளினிக்கில் இரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"எல்லாருக்கும் எடுக்கிறதுதானாம், சின்னம்மா. எனக்குத் தெரியும். ஆனா தனியப் போகப் பயமாக் கிடக்கு. வருவியளே?"

"இதில பயப்பிட என்ன கிடக்கு? வாறன்."

அடுத்த நாள் காலை பஸ்ஸில் போனேன். அவளும் மாமியும் வாசலில் காத்துக்கொண்டு நின்றார்கள். கிளினிக்கில் ஊசி ஏறும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முடிவு வரும்வரை வாங்குப் பலகையில் மூவரும் ஒட்டிக்கொண்டு இருந்தோம். சுற்றிவரப் பிள்ளைத்தாய்ச்சிகள், கைக்குழந்தைகள், சத்தம். மாமியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நான் என் மனதுக்குள் வைத்தியர் சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றையும் நான் நம்புகிறேன். மற்றவர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன்.

தாதி கூப்பிட்டு முடிவு எழுதிய துண்டுத்தாளைக் கையில் தந்தார். மகளுக்கு வாங்க ஏலவில்லை. நான்தான் வாங்கினேன். கண் நிறைந்து வழிந்ததில் அதில் இருந்த எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை. தாதி என்னைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நோர்மல், அம்மா. இரும்புக் குளிசை மட்டும் ஒழுங்காப் போடச் சொல்லுங்கோ" என்றார்.

"தாய்க்காரி சந்தோஷத்தில அழுகிறா" என்று பக்கத்தில் யாரோ ஒரு பெண் தன் துணையிடம் சொல்வது கேட்டது. என்னைத்தான் சொன்னாள். மகளுக்குத் தாய் நான்தான் என்று நினைத்திருக்கவேண்டும். மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அக்கா போன பிறகு முதல்முறையாகப் பார்வையை விலக்காமல் பார்த்தாள். பிறகு என் கண்ணைத் தன் சால்வையால் துடைத்துவிட்டு, "வாங்கோ சின்னம்மா, சாப்பிட்டிட்டுப் போகலாம். மாமி காலமையே சோறு வைச்சவ" என்று சொல்லி எழும்பினாள்.